டிஹெச்எஸ் டேட்டா ரிவ்யூ: காசு இல்லாம கிடைக்குது, ஆனா கேள்வித்தாளைப் படிக்காம கை வைக்காதீங்க

வளரும் நாடுகள்ல தாய் சேய் நலம் பத்தி ஆராய்ச்சி பண்ணப்போறேன், டேட்டா எங்க கிடைக்கும்னு யாராவது கேட்டா பத்துல ஒம்பது பேரு கண்ணை மூடிட்டு சொல்ற பதில் டிஹெச்எஸ். டெமோகிராஃபிக் அண்ட் ஹெல்த் சர்வேஸ்னு முழுப்பேரு. எல்லாரும் கை காட்டுறாங்க, ஆனா உள்ள போயி வேலை பாக்குறப்ப எது சுகம் எது தலைவலின்னு சேர்த்து சொல்றவங்க கம்மி, அதான் இந்த ரிவ்யூ. நான் ஹெல்த் எகனாமிக்ஸ் பக்கம் வேலை பாக்குற ஆளு, பிரசவம், குழந்தை இறப்பு, ஊட்டச்சத்து இதுதான் என் ஏரியா, அதனால ஹெச்ஐவி, மலேரியா, ஆண்கள் கேள்வித்தாள் பத்தியெல்லாம் இங்க எதிர்பாக்காதீங்க.

மார்க் முதல்லயே சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. ஒண்ணு ஏன் போச்சுங்கறது போகப்போக தெரியும்.

என்ன சரக்கு இதுல இருக்கு? 1984ல அமெரிக்காவோட வெளிநாட்டு உதவி ஏஜென்சியான யுஎஸ்எய்ட் காசுல ஆரம்பிச்ச திட்டம், இதுவரைக்கும் 90க்கு மேல நாடுகள், 400க்கு மேல சர்வே. ஒவ்வொரு நாட்டுலயும் சுமாரா அஞ்சு வருஷத்துக்கு ஒருதடவை வீடு வீடா போயி 15லேருந்து 49 வயசு பெண்கள்கிட்ட உக்காந்து கேள்வி கேட்டு, குழந்தைங்களை எடை போட்டு உயரம் அளந்து எடுத்தது. இந்தியாவுல என்எஃப்ஹெச்எஸ், அதாவது தேசிய குடும்பநல ஆய்வுன்னு பேப்பர்ல பாக்குறீங்களே அதுவும் இந்தக் குடும்பம்தான், 2019-21 ரவுண்டுல மட்டும் 6.36 லட்சம் வீடு. பல நாடுகள்ல பிறப்பு இறப்பு பதிவே அரைகுறையா இருக்கும், அங்கல்லாம் எத்தனை குழந்தை ஒரு வயசுக்குள்ள சாகுதுங்கற கணக்குக்கு பெரும்பாலும் இந்த மாதிரி சர்வேதான் ஆதாரம், இது இல்லேன்னா ஆளாளுக்கு ஒரு மாடல் போட்டு ஊகம் பண்ண வேண்டியதுதான்.

வாங்குற முறை சுலபம். சைட்ல ஒரு அக்கவுண்ட், உங்க ஆராய்ச்சி என்னன்னு ஒரு சின்ன பாரா, எந்தெந்த நாடு வேணும்னு டிக், அனுமதி மெயில் வந்ததும் டவுன்லோட். அந்தப் பாராவுல "தாய் சேய் நலம் பத்தி படிக்கணும்"னு ஒத்தை வரில முடிக்காம எந்தக் கேள்வி, எந்த முறைன்னு நாலு வரி தெளிவா எழுதுங்க. சர்வே எடுத்த இடம் எங்க இருக்குன்னு சொல்ற ஜிபிஎஸ் ஃபைல் வேணும்னா அதுக்கு தனியா கேக்கணும். ஆனா ஒண்ணு, 2025 ஆரம்பத்துல அமெரிக்க வெளிநாட்டு உதவியெல்லாம் நிறுத்தி வச்சப்ப இந்தத் திட்டமும் நின்னுச்சு, டேட்டா கேட்டு வர்ற விண்ணப்பத்துக்கு பதில் சொல்ல முடியாதுன்னு சைட்லயே போட்டுட்டாங்க, பாதி ஓடிக்கிட்டிருந்த சர்வேயெல்லாம் அந்தரத்துல தொங்குச்சு. நாப்பது வருஷமா பெரும்பாலும் ஒரே நாட்டோட ஒரே ஏஜென்சி பணத்துல ஓடுன வண்டி, சாவியைத் திருப்பினதும் நின்னுடுச்சு. இதை நம்பி தீசிஸ் திட்டம் போடுறவங்க இப்ப நிலைமை என்னன்னு ஒருதடவை பாத்துட்டு இறங்குங்க.

டவுன்லோட் பண்ணதும் முதல் குழப்பம் ஃபைல் பேரு. நாட்டுக்கு ரெண்டு எழுத்து, ஃபைல் வகைக்கு ரெண்டு எழுத்து, அப்புறம் ரவுண்டு நம்பர். இந்தியாவுக்கு ஐஎன்னு தேடுவீங்க, இருக்காது, ஐஏ. என்ஜின்னா நைஜீரியா, என்ஐன்னா நைஜர், அவசரத்துல மாத்தி எடுத்துட்டு ரெக்ரஷன் ஓட்டுனா கம்ப்யூட்டர் ஒண்ணும் கண்டுக்காது. வகைய பொறுத்தவரை ஐஆர்ங்கறது ஒரு பெண்ணுக்கு ஒரு வரி, பிஆர்ங்கறது அவங்க பெத்த ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி, கேஆர்ங்கறது கடைசி அஞ்சு வருஷத்துல பொறந்த குழந்தைங்க மட்டும். குழந்தை இறப்புக்கு பிஆர், தடுப்பூசி, கர்ப்பகால செக்கப், பிரசவம் எங்க நடந்துச்சுங்கறதுக்கு கேஆர், அவ்வளவுதான் நம்ம வேலைக்கு.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி பிறப்பு வரலாறு, அதாவது பர்த் ஹிஸ்டரி. அந்த அம்மா பெத்த ஒவ்வொரு குழந்தையும் வரிசையா, பேரு, ஆணா பெண்ணா, ரெட்டையா, எந்த மாசம் எந்த வருஷம் பொறந்துச்சு, உயிரோட இருக்கா, இருந்தா என்ன வயசு, உங்க கூடத்தான் இருக்கா, இல்லேன்னா எப்ப போச்சு. போன வயசை ஒரு மாசத்துக்குள்ளன்னா நாள் கணக்குல, ரெண்டு வயசுக்குள்ளன்னா மாசக் கணக்குல, அதுக்கு மேலன்னா வருஷக் கணக்குல எழுதணும். பி6ங்கற வேரியபிள்ல (ஃபைல்ல ஒரு நெடுவரிசை) 105னு இருந்தா அஞ்சு நாள், 203னா மூணு மாசம், முதல் இலக்கம் நாளா மாசமா வருஷமான்னு சொல்லுது. இந்த ஒரே பக்கத்துல இருக்குற கேள்விகளை வச்சு கடந்த 15, 20 வருஷத்து குழந்தை இறப்பு வரலாறையே ஒரு நாட்டுக்கு திரும்ப கட்டிடலாம், அதுவும் அம்மா படிப்பு, குழந்தை இடைவெளி, எத்தனாவது குழந்தைன்னு பிரிச்சு பிரிச்சு. ஒரு கொள்கை எந்த வருஷம் வந்துச்சுன்னு தெரிஞ்சா அதுக்கு முன்னாடி பின்னாடி பொறந்த குழந்தைங்களை, ஏன் ஒரே அம்மாவோட ரெண்டு குழந்தைங்களையே ஒப்பிடலாம். எகனாமிஸ்ட்டுங்க இதுமேல விழுந்து கிடக்குறதுக்கு காரணம் இதுதான்.

சரி, சிக்கல். குழந்தை போன வயசை ஒரு வரைபடமா போட்டுப் பாருங்க, 12 மாசத்துல ஒரு கூர்ல கோபுரம் மாதிரி நிக்கும், 11லயும் 13லயும் பள்ளம். குழந்தை 12 மாசத்துலதான் அதிகமா சாகுதுன்னு அர்த்தமா, இல்ல, அம்மாகிட்ட கேட்டா "ஒரு வயசு இருக்கும்"னு சொல்லுவாங்க, பேட்டி எடுக்குறவங்க மாசக் கணக்கா கிளறி கேக்கணும்னு பயிற்சி குடுத்துதான் அனுப்புறாங்க, ஆனா போன குழந்தையைப் பத்தி ஒரு அம்மாகிட்ட எவ்வளவு கிளற முடியும். இதோட விளைவு என்னன்னா 11 மாசத்துல போன குழந்தை 12னு பதிவாச்சுன்னா சிசு இறப்புலேருந்து நழுவி ஒண்ணுலேருந்து நாலு வயசு இறப்புல போயி விழும். 7 நாள்லயும் இதே கதை, பொறந்த முதல் வாரத்து இறப்புங்கறது 0லேருந்து 6 நாள் வரைக்கும், "ஒரு வாரம்"னு சொன்னா அது வெளிய. உங்க ஆய்வு பிறந்த முதல் வாரத்தை பத்தினதுன்னா இதைப் பாக்காம ஒரு டேபிளும் போடாதீங்க. ரிப்போர்ட்டோட கடைசியில பின்னிணைப்பு சி-ன்னு டேட்டா தரம் பத்தின அட்டவணைங்க இருக்கும், யாரும் புரட்டாத பக்கம், எனக்கு அதுதான் முதல் பக்கம்.

இன்னொண்ணும் அங்கயே தெரியும். உடல்நலக் கேள்வியெல்லாம் கடைசி அஞ்சு வருஷத்துல பொறந்த குழந்தைக்குத்தான் கேக்கணும், அது நீளமான பகுதி, வெயில்ல நாள் முழுக்க வீடு வீடா ஏறி இறங்குற பேட்டியாளருக்கு ஒரு குழந்தையோட பிறந்த வருஷத்தை ஒண்ணு பின்னாடி தள்ளிட்டா அந்தப் பகுதியே மிச்சம். அதனால சில சர்வேக்கள்ல அந்த அஞ்சு வருஷ எல்லைக்கு இந்தப் பக்கம் பிறப்பு கம்மியாவும் அந்தப் பக்கம் அதிகமாவும் இருக்கும். அவங்க மேல எனக்கு கோபம் வரல, ஆனா வருஷ வாரியா பிறப்பு விகிதம் போட்டு "திடீர்னு குறைஞ்சிடுச்சு"ன்னு கட்டுரை எழுதுறவங்க மேல வரும்.

தேதி கணக்கு ஒரு தனி சமாச்சாரம். எல்லாமே சிஎம்சி, அதாவது 1900லேருந்து எத்தனாவது மாசம். வருஷத்துல 1900 கழிச்சு 12ஆல பெருக்கி மாசத்தைக் கூட்டணும், 2015 ஜூன்னா 1386. பழகிட்டா இதைவிட வசதி கிடையாது, ரெண்டு நம்பரை கழிச்சா குழந்தை வயசு மாசத்துல வந்துடும். ஆனா எத்தியோப்பியா டேட்டா அவங்க நாள்காட்டியில இருக்கும், 92 மாசம் கூட்டுனாத்தான் நம்ம நாள்காட்டிக்கு வரும், நேபாளம் விக்ரம சம்வத், 2016 சர்வேயை தொறந்தா வருஷம் 2073னு நிக்கும். பத்து நாட்டை ஒண்ணா ஒட்டி மழை டேட்டாவோட சேக்குறவங்க இங்கதான் வழுக்குவாங்க.

வெயிட் பத்தி சுருக்கமா, உடம்பு எடை இல்ல, சாம்பிள்ல ஒவ்வொருத்தருக்கும் கணக்குல எவ்வளவு பங்கு குடுக்கணும்னு சொல்ற எண். அது இருக்குற வி005ங்கற வேரியபிளை பத்து லட்சத்தால வகுக்கணும். நாடுகளை சேக்குறப்ப அதை அப்படியே போட்டா தப்பு, ஏன்னா ஒவ்வொரு சர்வேயிலயும் அது சாம்பிள் அளவுக்கு சமமா கூடுற மாதிரி செஞ்சது, மக்கள் தொகைக்கு இல்ல, இந்தியாவும் ஒரு சின்ன நாடும் சேர்ந்தா யாரோட சாம்பிள் பெருசோ அவங்க பக்கம் சாயும். உயரத்துக்கான இசட் ஸ்கோர், அதாவது அந்த வயசுக்கு இருக்க வேண்டிய உயரத்துலேருந்து குழந்தை எவ்வளவு தள்ளி இருக்குங்கற எண், ஹெச்டபிள்யூ70ல இருக்கு, நூறால வகுக்கணும், 9996, 9998 மாதிரி உண்மையான அளவா இல்லாத குறியீட்டு எண்களை முதல்ல தூக்கிடணும், இல்லேன்னா உலகத்துலயே உயரமான குழந்தைங்க உங்க சாம்பிள்லதான்னு முடிவு வரும்.

இப்ப இந்த டேட்டாவை வச்சு கெட்டிக்காரங்க என்ன பண்ணியிருக்காங்கன்னு ரெண்டு உதாரணம், ஏன்னா சர்வீஸ் நல்லதா கெட்டதான்னு அதுல செஞ்ச வேலையை வச்சுத்தான் சொல்ல முடியும்.

டயான் காஃபிங்கற ஆராய்ச்சியாளர் 2015ல பண்ணது எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை. கேள்வி என்னன்னா, கர்ப்பம் ஆகுறதுக்கு முன்னாடி பெண்கள் எவ்வளவு ஒல்லியா இருக்காங்க. சர்வே எடுக்குறவங்க அன்னைக்கு இருக்குற எடையைத்தான் போடுவாங்க, கர்ப்பிணியோட பழைய எடை யாருக்கும் தெரியாது. சரி கர்ப்பம் இல்லாத எல்லாப் பெண்களோட சராசரியை எடுத்துக்கலாம்னா அதுல 45 வயசுக்காரங்களும் வருவாங்க, அவங்க அடுத்த வருஷம் பிள்ளை பெக்கப்போறது இல்ல. அதனால காஃபி, கர்ப்பமா இருக்குறவங்களோட வயசு, படிப்பு, குழந்தை எண்ணிக்கை மாதிரி விவரங்களுக்கு பொருந்துற மாதிரி கர்ப்பம் இல்லாதவங்களுக்கு புதுசா வெயிட் போட்டாங்க. வந்த விடை, இந்தியாவுல 42.2 சதவீதம் பேர் எடை குறைவோட கர்ப்பத்துக்குள்ள போறாங்க, சகாராவுக்கு தெக்கே இருக்குற ஆப்பிரிக்காவுல 16.5. அந்த 42.2ங்கறது 15லேருந்து 49 வயசு இந்தியப் பெண்களோட சராசரியைவிட கிட்டத்தட்ட ஏழு புள்ளி அதிகம். அதே ஃபைல் எல்லார் கம்ப்யூட்டர்லயும் வருஷக்கணக்கா இருந்துச்சு, யாரை எண்ணணும்னு யோசிச்சதுதான் அவங்க பண்ண வித்தை.

ரெண்டாவது உதாரணம் சண்டையில முடிஞ்சது, அதனாலயே முக்கியம். எகனாமிஸ்ட்டுங்க சீமா ஜெயச்சந்திரனும் ரோஹிணி பாண்டேவும் 2017ல இந்தியாவையும் 25 ஆப்பிரிக்க நாடுகளையும் சேர்த்து 1.68 லட்சம் குழந்தைங்களோட உயரத்தைப் பாத்தாங்க. இந்தியக் குழந்தைங்க ஆப்பிரிக்கக் குழந்தைங்களைவிட குள்ளமா இருக்குறது ஏன்ங்கற பழைய புதிர். தலைப்பிள்ளைகிட்ட அந்தப் பின்னடைவு இல்ல, ரெண்டாவதுலேருந்து ஆரம்பிச்சு போகப்போக கூடுது, மூத்த ஆண்பிள்ளைக்கு குடுக்குற முன்னுரிமை ஒரு பெரிய காரணம்னாங்க. அப்புறம் 2022ல டீன் ஸ்பியர்ஸ், காஃபி, பெர்மன் மூணு பேரும் வேற இடத்துல கை வச்சாங்க. டிஹெச்எஸ்ல குழந்தைங்கள்ல உயரம் அளக்குறது அஞ்சு வயசுக்குள்ள இருக்குறவங்களுக்கு மட்டும். அண்ணனையும் தம்பியையும் ஒரே வீட்டுக்குள்ள ஒப்பிடணும்னா ரெண்டு பேரும் அந்த அஞ்சு வருஷத்துக்குள்ள பொறந்திருக்கணும், அப்ப நெருக்கி நெருக்கி பெத்த வீடுங்க மட்டும்தான் ஒப்பீட்டுக்குள்ள வரும், அந்த வீடுங்க மத்த வீடு மாதிரி கிடையாது. யாரு சரின்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, ரெண்டு பக்கமும் படிங்க. ஆனா சண்டையே கேள்வித்தாள்ல இருக்குற ஒரு வரியால வந்துச்சு பாத்தீங்களா, யாரை அளக்கணும்னு போட்ட விதி. இந்த டேட்டாவுல எதைத் தொட்டாலும் முதல்ல கேக்க வேண்டியது யாரு உள்ள இருக்காங்க, யாரு வெளிய நிக்கிறாங்கன்னுதான்.

வெளிய நிக்கிறவங்கள்ல முதல் ஆளு செத்துப்போன அம்மா. உயிரோட இருக்குற பெண்கிட்டத்தான் பேட்டி எடுக்க முடியும், பிரசவத்துல போனவங்களும் அவங்க விட்டுட்டுப் போன குழந்தைங்களும் பர்த் ஹிஸ்டரில வரவே மாட்டாங்க. ஹெச்ஐவி அதிகமா இருந்த நாடுகள்ல இதனால குழந்தை இறப்பே குறைச்சு தெரிஞ்சிருக்கு. தாய் இறப்பை கணக்கு பண்ண சகோதரி முறைன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, பேட்டி குடுக்குறவங்ககிட்ட உங்க அம்மா வயித்துல பொறந்த எல்லாரையும் சொல்லுங்க, அக்கா தங்கச்சிங்க யாராவது தவறிட்டாங்களா, கர்ப்பத்துலயா, பிரசவத்துலயா, அதுக்கப்புறம் ரெண்டு மாசத்துக்குள்ளயான்னு. புத்திசாலித்தனமான வழி, ஆனா அது சர்வேக்கு முந்தின ஏழு வருஷத்துக்கு சேர்த்து நாடு முழுக்க ஒரே ஒரு நம்பர்தான் தரும், பிழை எல்லையும் அகலம். அதை மாவட்ட வாரியா பிரிச்சு, ஒரு திட்டம் வந்ததால தாய் இறப்பு குறைஞ்சுதுன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க.

அந்த ஒரு மார்க் போனதுக்கு பெரிய காரணம் பணமும் தரமும். எகனாமிஸ்ட்டுக்கு வேண்டியது செலவு, டிஹெச்எஸ்ல வருமானமும் இல்ல செலவும் இல்ல. வி190னு ஒரு செல்வக் குறியீடு, வீட்டுல ஃபேன் இருக்கா, தரை என்ன, கக்கூஸ் எப்படின்னு பாத்து அஞ்சு தட்டா பிரிச்சது. அது அந்த நாட்டுக்குள்ள, அந்த சர்வேக்குள்ள மட்டும் ஒப்பீடு. எகிப்துல கடைசித் தட்டுல இருக்குற வீடும் நைஜர்ல கடைசித் தட்டுல இருக்குற வீடும் ஒரே ஏழ்மை கிடையாது, ஆனா கட்டுரை கட்டுரையா அப்படித்தான் ஒட்டுறாங்க. பிரசவத்துக்கு கையிலேருந்து எவ்வளவு போச்சுங்கறதை இந்தியா மாதிரி சில நாடு தானா சேர்த்துக்கிட்டது, பொதுவான கேள்வித்தாள்ல அதை எதிர்பாக்காதீங்க. குடும்பச் செலவுதான் உங்க கேள்வின்னா உலக வங்கியோட எல்எஸ்எம்எஸ்ங்கற குடும்பச் செலவு சர்வே பக்கம் போங்க.

தரத்துக்கு இந்தியா எண்ணையே எடுத்துக்குங்க. ஆஸ்பத்திரில பிரசவம் 2005-06ல 38.7 சதவீதம், 2015-16ல 78.9, 2019-21ல 88.6. பிறந்த ஒரு மாசத்துக்குள்ள இறப்பு ஆயிரத்துக்கு 39, அப்புறம் 29.5, அப்புறம் 24.9. குறைஞ்சுது, நல்ல விஷயம், ஆனா பிரசவம் மொத்தமா ஆஸ்பத்திரிக்கு மாறுன வேகத்துக்கு இது ஈடா இல்ல. ஆஸ்பத்திரில பெத்துக்கிட்டா அரசு காசு குடுக்குற ஜனனி சுரக்ஷா யோஜனா திட்டம் பத்தின ஆய்வுகள்லயும் அதேதான், காசு குடுத்ததும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கங்கறது தெளிவு, குழந்தைங்க பிழைச்சாங்கங்கற ஆதாரம் அவ்வளவு திடமா இல்ல. வந்தவங்களுக்கு உள்ள என்ன நடந்துச்சு, ரத்தப்போக்குக்கு மருந்து இருந்துச்சா, மூச்சு விடாத குழந்தைக்கு பேக் மாஸ்க் வச்சு மூச்சு குடுக்கத் தெரிஞ்ச ஆள் இருந்தாரா, இது எம்15ல வராது, அது "எங்க பெத்தீங்க"ங்கறதோட நின்னுடும். செக்கப்புக்கு எத்தனை தடவைங்கற எம்14ம் அப்படித்தான், ரத்த அழுத்தம் பாத்தாங்களா, ரத்தம், சிறுநீர் எடுத்தாங்களான்னு ஒண்ணு ரெண்டு கேள்வி இருக்கு, அதோட சரி. இதே திட்டத்துல எஸ்பிஏன்னு ஆஸ்பத்திரிகளை மட்டும் ஆராயுற சர்வே தனியா இருக்கு, அதை வீட்டு டேட்டாவோட ஊர் வாரியா இணைக்கலாம்னு ஆசை வரும், ஆனா ஆளை அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு ஜிபிஎஸ் புள்ளிகளை நகர்த்தி வச்சிருப்பாங்க, நகரத்துல 2 கிலோமீட்டர் வரைக்கும், கிராமத்துல 5, அதுலயும் ஒரு சதவீதம் 10 வரைக்கும். காரணம் நியாயம்தான், நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன். "பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்"னு மீட்டர் கணக்குல எழுதுறவங்க இதை மறந்துடுறாங்க.

மாற்று சரக்கு பத்தி கேப்பீங்க. யுனிசெஃப் நடத்துற மிக்ஸ் சர்வேயும் இலவசம், குழந்தை வளர்ச்சி கேள்விங்க அதுல நல்லா இருக்கும், டிஹெச்எஸ் போகாத நாடும் கிடைக்கும். பல நாடு பல ரவுண்டு சேர்க்கணும்னா மின்னசோட்டா பல்கலைக்கழகத்தோட ஐபம்ஸ் டிஹெச்எஸ் எடுங்க, வேரியபிள் பேரெல்லாம் ஒரே மாதிரி ஆக்கி வச்சிருக்காங்க, பாதி வேலை மிச்சம். ஒரே ஆளை வருஷக்கணக்கா தொடர்ந்து பாக்கணும்னா இது எதுவும் ஆகாது, அதுக்கு வங்காளதேசத்து மட்லாப் மாதிரி இடம்தான், 1966லேருந்து ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் பதிவு, ஆனா அது ஒரு பகுதி மட்டும். சும்மா ஒரு டேபிள் போதும்னா டிஹெச்எஸ்ஸோட ஆன்லைன் டேபிள் கருவியான ஸ்டாட்கம்பைலர்ல ரெண்டு கிளிக், அதுல எடுத்த நம்பர்ல கீழ இருக்குற அடிக்குறிப்பை மட்டும் வெட்டாம எடுங்க.

யாருக்கு இது ஆகும்? எத்தனை பேர் சேவையை தொட்டாங்க, யாருக்கு கிடைக்கல, குழந்தை எந்த வயசுல போகுது, யாரோட குழந்தை போகுது, இந்தக் கேள்விக்கெல்லாம் இதுக்கு நிகரா இவ்வளவு நாட்டுக்கு சேர்த்து வேற எதுவும் கைக்கு வராது. ஆஸ்பத்திரிக்குள்ள என்ன நடக்குது, எவ்வளவு செலவு, தாய் இறப்பு எங்க குறைஞ்சுதுங்கற கேள்விக்கு வேற கடை பாருங்க.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஒரு நாடு, ஒரு ரவுண்டு, பிஆர் ஃபைல் மட்டும் எடுத்து ரிப்போர்ட்ல அச்சாகியிருக்குற சிசு இறப்பு எண்ணை உங்க கையால வரவைக்கப் பாருங்க, அதுக்கான கம்ப்யூட்டர் நிரலை கிட்ஹப் சைட்ல ஸ்டாட்டா, ஆர்ங்கற ரெண்டு புள்ளிவிவர சாஃப்ட்வேருக்கும் டிஹெச்எஸ்காரங்களே போட்டிருக்காங்க, ஆனா முதல்ல அதைப் பாக்காம முயற்சி பண்ணுங்க. எண் பொருந்தாது. 12 மாசமா, வெயிட்டா, எந்த அஞ்சு வருஷங்கறதான்னு தேடுற அந்த நேரத்துலதான் இந்த டேட்டா பிடிபடும். புது ரவுண்டு எடுக்குறவங்க கர்ப்பகால செக்கப் பகுதியில காலவரம்பு மாறியிருக்கான்னு பாத்துட்டு பழசோட ஒப்பிடுங்க, ஜிபிஎஸ் வேணும்னா முதல் விண்ணப்பத்துலயே காரணத்தோட கேட்டுடுங்க.